வெளிநாட்டு மிஷனெரி ஊழியத்துக்குப் புறப்படும் தம்பதியருக்கு: திருநெல்வேலிச் சீமையில் ஆயத்தமும் ஆதரவு திரட்டலும்

திருநெல்வேலிச் சபைகளுக்கு மிஷனெரியைத் தாங்குவது புதிதல்ல. 1854-ல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் வேலைபார்த்த தமிழ்க் கூலிகளிடையே ஊழியம் தொடங்கியபோது, அங்கே போன உபதேசியார்கள் நம் பக்கத்து ஆட்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் நண்பர்களும் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய உறுதி. 1959-ல் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு பிறந்தது. வடநாட்டுக்குப் போன மிஷனெரியின் படத்தைச் சுவரில் மாட்டி, சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்த வீடுகள் இந்தச் சீமையில் ஏராளம்.

ஆனால் வெளிநாடு என்றதும் நம் ஜனங்களின் கணக்கு மாறிவிடுகிறது. துபாய், குவைத், சிங்கப்பூர் எல்லாம் நமக்குச் சம்பாதிக்கப் போகிற இடங்கள். அங்கிருந்து ஊருக்குப் பணம் வரும், கோயில் கோபுரத்துக்கு டைல்ஸ் வரும். அப்படிப்பட்ட ஊரில் நின்று, 'நாங்கள் வெளிநாட்டுக்குப் போகிறோம், எங்களைத் தாங்குங்கள்' என்று சொன்னால், பலருக்கு அது தலைகீழாகத் தெரியும். இந்தத் தயக்கத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஆயத்தத்தில் பாதி, இந்தத் தயக்கத்துக்கு நேர்மையான பதிலைச் சொல்லப் பழகுவதுதான்.

முடிவெடுத்த நாளிலிருந்து புறப்படும் நாள் வரைக்கும் ஒன்றரை வருஷமாவது வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைந்தால் காகித வேலை முடியும், உறவுகள் முடியாது.

முதலில் வீட்டுக்குள்

கணவனுக்கு அழைப்பு, மனைவி கூடப் போகிறாள் என்பது போதாது. இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதுங்கள்: நான் ஏன் போகிறேன், அங்கே நான் என்ன செய்வேன், எதை இழக்கப் பயப்படுகிறேன். எழுதி முடித்தபிறகு ஒருவருடையதை மற்றவர் வாசிக்கட்டும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் வேதத்தில் எப்போதும் சேர்ந்தே வருகிறார்கள், பல இடங்களில் அவள் பெயர்தான் முன்னால். நர்ஸோ, டீச்சரோ, தையல் தெரிந்தவரோ, உங்கள் மனைவியின் வேலையும் திட்டத்தில் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். 'ஐயாவுக்கு உதவியாக இருப்பார்கள்' என்று சபையில் அறிமுகப்படுத்தவே விடாதீர்கள்.

அடுத்தது கடன். நகைக்கடன், வீட்டுக்கடன், பாதியில் நிற்கும் சீட்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடனோடு போகிற மிஷனெரி, தாங்குகிறவர்கள் தரும் காணிக்கையில் வட்டி கட்டுவார். அது அவருக்கும் நல்லதல்ல, கொடுத்தவருக்கும் நியாயமல்ல. முடித்துவிட்டுப் போங்கள். முடிக்க இரண்டு வருஷம் ஆனாலும் சரி.

பெற்றோரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. யார் மருந்து வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது, நிலத்தை யார் பார்ப்பது என்று உடன்பிறந்தவர்களை வைத்துக்கொண்டு வெளிப்படையாகப் பேசுங்கள். மாதம் ஒரு தொகை பெற்றோருக்குப் போகவேண்டும் என்றால் அதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். அதை மறைக்கிறவர்கள்தான் பிறகு சங்கடப்படுகிறார்கள்.

சபையும் அனுப்பும் அமைப்பும்

வெளியூரில் யாரிடமும் பேசுமுன் உங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், பேசுங்கள். அப்புறம் சேகரக் கமிட்டி (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் நிர்வாகக் குழு), அதற்குப் பிறகு பெண்கள் ஐக்கிய சங்கமும் வாலிபர் சங்கமும். அந்தியோகியாவில் சபைதான் பவுலையும் பர்னபாவையும் கைவைத்து அனுப்பியது. சபைக்குத் தெரியாமல் தனியாக டிரஸ்ட் பதிவுசெய்து, கணக்கு எண் அச்சடித்த நோட்டீஸோடு கிளம்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்த வழி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். உங்களைக் கேள்வி கேட்க உரிமையுள்ளவர்கள் நாலு பேராவது உங்களுக்கு மேலே இருக்கவேண்டும்.

நமக்குத் தெரிந்த மிஷனெரி சங்கங்கள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் ஊழியம் செய்கிறவை. வெளிநாட்டுக்கும் அனுப்புகிறவை உண்டு. 1965-ல் தொடங்கிய இந்திய சுவிசேஷ மிஷன் அப்படி ஒன்று. எந்த அமைப்பானாலும் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: விசாவை யார் எடுத்துத் தருவார்கள்? காணிக்கையில் நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? ஒரு மாதம் ஆதரவு குறைந்தால் என்ன நடக்கும்? பெரிய வியாதி வந்தால் ஊருக்குக் கொண்டுவருவது யார் பொறுப்பு? எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறை? கணவன் இறந்துபோனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஏற்பாடு? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அவசியம் கேளுங்கள்.

அங்கே இருக்கிற சபை உங்களை அழைத்திருக்கிறதா என்பதும் அதே அளவுக்கு முக்கியம். கென்யாவை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கிறிஸ்தவர்களே பெரும்பான்மை. நீங்கள் போய்த்தான் சபை உருவாக வேண்டும் என்ற நிலை இல்லை. அந்தச் சபையின் தலைவர்களுக்குக் கீழே, அவர்கள் கேட்ட வேலைக்குப் போங்கள். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் அசரியா வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, உங்கள் தியாகத்தோடு சேர்த்து நட்பையும் தாருங்கள் என்று கேட்டார். இப்போது அந்நியராகப் போகிறவர்கள் நாம். அந்த வேண்டுகோள் இனி நமக்கானது.

விசா, சட்டம், சான்றிதழ்

சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யாதீர்கள். பிடிபட்டால் உங்களைத் திருப்பி அனுப்புவதோடு நிற்காது, உங்களை ஏற்றுக்கொண்ட உள்ளூர்ச் சபைக்கும் சிக்கல். பல நாடுகளில் நேர்வழி இருக்கிறது. கென்யாவில் மத, தொண்டு வேலைக்கென்றே 'ஐ' வகை அனுமதி உண்டு. தான்சானியாவில் மிஷனெரிகள் 'சி' வகை வசிப்பிட அனுமதியின்கீழ் வருவார்கள். இரண்டிலும் உள்ளூர்ச் சபையோ அமைப்போதான் விண்ணப்பத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். நேபாளத்துக்குப் போக நமக்கு விசாவே வேண்டாம். ஆனால் 2018 முதல் நடைமுறையில் உள்ள அந்நாட்டுக் குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவது 5 வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். மலேசியாவில் முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்ப மாநிலச் சட்டங்கள் தடை போடுகின்றன. போகிற நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு, அதற்குள் செய்யக்கூடிய பணியை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலி சேவா கேந்திராவிலேயே வேலை முடியும். நம் ஆட்களுக்கு அதிகம் தொல்லை தருவது பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஞானஸ்நானப் பதிவில் வேறொரு பெயர், கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்குக் கணவர் பெயர் பின்னால் என்று நாலு விதமாக இருக்கும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று முதல் மாதமே பாருங்கள். திருமணத்துக்குக் கோயில் பதிவேட்டு நகல் மட்டும் போதாது. 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவுசெய்து வைத்திருங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் கிடைக்கும். கல்விச் சான்றிதழ்களுக்கும் திருமணச் சான்றுக்கும் அவை வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை தேவைப்படலாம். அதற்கு முன்னால் சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம் வாங்கவேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

பட்ஜெட்

அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு குடும்பத்திடம் மூன்று மாதச் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் பார்த்த விலைகளை நம்பவேண்டாம். எப்படி எழுதுவது என்று காட்ட ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். தொகைகள் நாட்டுக்கு நாடு மாறும், முறை மாறாது.

மாதத்துக்கு: வீட்டு வாடகை 22,000, சாப்பாடும் வீட்டுச் செலவும் 18,000, பயணம் 8,000, மருத்துவக் காப்பீடும் மருந்தும் 7,000, மொழி கற்பிக்கும் ஆசிரியருக்கு 6,000, பிள்ளையின் படிப்புக்கு 6,000, ஊரில் பெற்றோருக்கு 5,000, அமைப்பின் நிர்வாகச் செலவு 4,000, முதுமைக்கான சேமிப்பு 4,000. மொத்தம் 80,000 ரூபாய். ரூபாயின் மதிப்பு இறங்கினால் கையைக் கடிக்காமலிருக்க 10 சதவீதம் கூட்டுங்கள்: 88,000.

கணக்கில் சேமிப்பு என்று இருப்பதைப் பார்த்து யாராவது 'மிஷனெரிக்குச் சேமிப்பா?' என்று கேட்பார்கள். நிதானமாகப் பதில் சொல்லுங்கள். இருபது வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்து, வாடகை வீட்டில் மருந்துக்குப் பணமில்லாமல் கிடக்கும் முதியவர்கள் நம் சேகரங்களிலேயே இருக்கிறார்கள். அதை இனியும் தியாகம் என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒருமுறைச் செலவைத் தனித் தாளில் எழுதுங்கள்: விசாக் கட்டணம், விமான டிக்கெட், வீட்டு முன்பணம், பாத்திரம் பண்டம், தடுப்பூசி. குடும்பம் முழுவதும் திரும்பி வருவதற்கான டிக்கெட் பணத்தை ஒரு வைப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். அவசரத்துக்குத் தவிர அதைத் தொடக்கூடாது.

ஆதரவு திரட்டுவது

கேட்கலாமா கூடாதா என்ற கேள்வி நம் பக்கத்தில் எப்போதும் வரும். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் பணத்துக்காக மனிதரிடம் முறையிடாமல் ஜெபத்தில் மட்டும் கேட்கும் வழியைக் கடைப்பிடித்தார். அது மதிக்கத்தக்க வழி. எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையிடம் நேராகவே கேட்டு, வாரத்தின் முதல் நாளில் எடுத்துவைக்கச் சொன்ன பவுலின் வழியும் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். 'நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை' என்று மேடையில் சொல்லிவிட்டு, ஜெபக் குறிப்பில் தொகையை எழுதி அனுப்புவது கேட்பதுதான். இங்கே நான் எழுதுவது வெளிப்படையாகக் கேட்கிறவர்களுக்கு.

மேலே சொன்ன 88,000 எப்படி வரும்? மாதம் 500 ரூபாய் தருகிற 60 குடும்பம் என்றால் 30,000. 1,000 தருகிற 25 குடும்பம், 25,000. நாலு ஜெபக்குழுக்கள் தலா 2,000, ஆக 8,000. தாய்ச்சபை 15,000, இன்னொரு சபை 10,000. ஒரே பணக்காரர் முழுத் தொகையையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றாலும் இந்த முறையை விடாதீர்கள். அவருடைய வியாபாரம் சரிந்தாலும் மனம் மாறினாலும் உங்கள் ஊழியம் அன்றோடு நிற்கும். பணத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. 500 ரூபாய் தருகிற பீடி சுற்றும் அக்கா ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். அப்படி எண்பது வீடுகள் பின்னால் இருந்தால் அந்நிய நாட்டில் தனிமை வரும்போது தாக்குப்பிடிக்கலாம்.

ஒரு நோட்டில் 200 பெயர் எழுதுங்கள். சொந்தக்காரர், கூடப் படித்தவர், பழைய சபை, வேலைபார்த்த இடம், ஞாயிறு பள்ளியில் நீங்கள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் பெற்றோர். எழுதி முடித்ததும் அதை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாப் பெயரும் உங்கள் சாதிக்குள்ளேயே இருக்கும். நம் சபைகள் அப்படித்தான் வளர்ந்திருக்கின்றன என்பது வேதனையான உண்மை. சொந்தச் சாதிச் சபைகளை மட்டும் சுற்றிவந்து ஆதரவு திரட்டுகிறவர், வேறு இன மக்களிடம் எல்லாரும் ஒரே சரீரம் என்று என்ன வாயால் சொல்வார்? பக்கத்துச் சேகரத்துக்கு, நீங்கள் இதுவரை சாப்பிட்டிராத வீடுகளுக்குப் போங்கள். அங்கே 100 ரூபாய் வாக்குறுதி கிடைத்தாலும் போய்வருவதற்கு மதிப்பு உண்டு.

நேரம் பார்த்துப் போங்கள். விவசாயக் குடும்பங்களுக்குப் பிசான அறுப்பு முடிந்த மாசி, பங்குனி வசதியான காலம். பள்ளிகள் திறக்கும் ஜூனில் யாரிடமும் போகவேண்டாம், பீஸ் கட்டவே கை வறண்டிருக்கும். வளைகுடாவில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கோ பள்ளி விடுமுறைக்கோ வருவார்கள். ஸ்தோத்திரப் பண்டிகையில் ஐந்து நிமிஷம் பேச அனுமதி கேளுங்கள். ஒரு கூடை கத்தரிக்காய் ஏலத்தில் பல மடங்கு விலைக்குப் போகிற அந்த நாளில் ஜனங்களின் மனசு திறந்திருக்கும். ஆனால் அன்று பணம் வாங்காதீர்கள், பெயரும் ஊரும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். உற்சாகத்தில் சொன்ன வாக்கு பத்து நாளில் மறந்துபோகும். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிய பிறகு சொன்ன வாக்கு நிற்கும்.

வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போங்கள். முதலில் அவர்கள் கஷ்டசுகத்தைக் கேளுங்கள். பிறகு நாடு, வேலை, எத்தனை வருஷம், மாதத் தேவை, இதுவரை எவ்வளவு வந்திருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். கட்டாயம் ஒரு கேள்வி வரும்: "வெளிநாட்டுக்குத்தானே போறீய, அங்க சம்பளம் கிடைக்காதா?"

அதற்கு இப்படிப் பதில் சொல்லலாம்: "இல்லை அண்ணாச்சி. விசாவில் சம்பளத்துக்கு வேலைபார்க்க அனுமதி கிடையாது. எங்களைக் கூப்பிட்ட சபை ஏழைச் சபை, தங்க இடம் பார்த்துத் தருவாங்க, அவ்வளவுதான் முடியும். மாசம் எங்களுக்கு ஆகிற செலவு இந்தத் தாளில் இருக்கு, நீங்களே பாருங்க." தாளைக் கையில் கொடுத்துவிடுங்கள். கணக்கைக் காட்டுகிறவரை ஜனங்கள் நம்புவார்கள். வீடு சும்மா கிடைப்பதாக இருந்தால் கணக்கில் வாடகையை அடித்துவிட்டுக் கொண்டுபோங்கள், இரண்டு விதமாகப் பேசக்கூடாது.

"இங்கேயே எவ்வளவோ ஜனங்க இருக்காங்களே?" என்றும் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. நீங்கள் இங்கே இதுவரை என்ன ஊழியம் செய்தீர்கள் என்பதுதான் அதற்குப் பதிலாக முடியும். இங்கே பக்கத்துத் தெருவுக்குப் போகாதவர் கடல் தாண்டிப் போகவேண்டிய அவசியம் இல்லை.

செய்யக்கூடாதவை சில. கடனில் இருக்கும் வீட்டில் வாங்காதீர்கள். 'ஜெபம் மட்டும் போதும்' என்று சொல்லி, அதை மெய்யாகவே நினைத்துச் சொல்லுங்கள். விதவைத் தாயார் தாலிக்கொடியைக் கழற்றித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் ஆசீர்வாதம், கொடுக்காவிட்டால் நஷ்டம் என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள். போகிற நாட்டு ஜனங்களின் கந்தல் துணிப் படங்களைக் காட்டிக் கண்ணீர் வரவைக்காதீர்கள். அந்தப் படத்தில் இருக்கும் ஆள் பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துவிட்டுப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வாக்குக் கொடுத்தவர்களுக்கு ஒரு சிறு அட்டை: பெயர், தொகை, எந்த மாதத்திலிருந்து, எப்படி அனுப்புவார்கள். வங்கியில் நிலையான உத்தரவு கொடுக்கத் தெரிந்தவர்களிடம் அதையே கேளுங்கள். தெரியாதவர்களுக்கு ஊருக்கு ஒரு பொறுப்பாளர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதற்கு அருமையானவர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. வாக்கில் 90 சதவீதம் சேர்ந்து, மூன்று மாதம் பணம் ஒழுங்காக வந்த பிறகுதான் டிக்கெட் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தின் சட்டம்

நண்பர்கள் உங்கள் சொந்தக் கணக்குக்கே அனுப்பிவிட்டால் சுலபம் என்று தோன்றும். வருமானவரிச் சட்டப்படி, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் உங்கள் வருமானம். உடன்பிறந்தவரும் பெற்றோரின் உடன்பிறந்தவரும் உறவினர். சித்தப்பா மகன் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பணம் அமைப்பின் கணக்குக்குப் போய், அங்கிருந்து படித்தொகையாக உங்களுக்கு வருவதே ஒழுங்கு.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் தருவதிலும் வித்தியாசம் உண்டு. துபாயில் இருக்கும் மாமா இந்தியப் பாஸ்போர்ட்காரர் என்றால், அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அமைப்புக்குத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை தருவது, அவரிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ பதிவும் (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு) புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கும் இருக்கும் அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம்.

இங்கிருந்து வெளியே அனுப்புவதற்கும் வரம்புகள் உண்டு. தனிநபருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுமதி. அந்தத் திட்டம் டிரஸ்டுகளுக்குப் பொருந்தாது. டிரஸ்ட் தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் வரிவிலக்கிலும் கேள்வி வரும். உங்கள் அமைப்பு இதை எப்படிச் செய்கிறது என்பதை அவர்களுடைய ஆடிட்டரிடமே உட்கார்ந்து கேளுங்கள். நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை (80ஜி) கிடைக்கும் என்று யாருக்கும் வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். மத ஊழியத்துக்கென்றே நடக்கும் அமைப்புகளுக்குப் பொதுவாக அது கிடையாது. நீங்கள் வெளிநாட்டில் குடியேறியதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றவும் மறக்காதீர்கள்.

உடம்பு, மொழி, பிள்ளைகள்

கென்யா போன்ற நாடுகளுக்குப் போய்வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் போடவேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சான்று இல்லாமல் திரும்பி வந்தால் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தக்கூடும். பல், கண் வேலைகளை இங்கேயே முடித்துவிடுங்கள்.

முதல் வருஷத்தில் மொழி கற்பதைத் தவிர வேறு பெரிய பொறுப்பு ஏற்கவேண்டாம். இதைத் தாங்குகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லையென்றால் மூன்றாவது மாதமே 'எத்தனை பேர் வந்தாங்க?' என்று கேட்பார்கள். சுவாஹிலி என்றால் எழுத்துகள் ரோமன், உச்சரிப்பும் நமக்குச் சிரமமில்லை, இங்கேயே தொடங்கிவிடலாம்.

பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லி வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சின்னப் பிள்ளை என்றால் கூடவே கூட்டிப்போங்கள் என்பது என் கருத்து. உயர்வகுப்பு வரும்போது, மிஷனெரிப் பிள்ளைகளுக்காகவே நடக்கும் டோனாவூர் சந்தோஷ வித்யாலயா போன்ற பள்ளிகளை யோசிக்கலாம். எதுவானாலும் பேசத் தெரிந்த வயது வந்த பிள்ளையிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசி இரண்டு மாதம்

பிரதிஷ்டை ஆராதனையைத் தாய்ச்சபையில் வையுங்கள், தாங்குகிற எல்லாக் குடும்பங்களையும் அழையுங்கள். அன்றைக்கு அசனம் போட முடிந்தால் நல்லது. ஒரே பந்தியில் எல்லா ஊர்க்காரர்களும் உட்காரட்டும். மாதம் ஒரு கடிதம் எழுதும் தேதியை அன்றே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் போதும், ஆனால் போன் இல்லாத பெரியவர்களுக்கு ஒருவர் அச்சடித்துக் கொண்டுபோய் வாசித்துக்காட்ட வேண்டும். அந்த ஆளை இப்போதே நியமியுங்கள். சில நாடுகளில் சபை, ஞானஸ்நானம் போன்ற வார்த்தைகளோடு கடிதம் சுற்றிவருவது உள்ளூர் விசுவாசிகளுக்கு ஆபத்து. அப்படிப்பட்ட இடமானால் எதை எழுதலாம், எதைப் பொதுவில் பகிரக்கூடாது என்று தாங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவுக் கணக்கு சேகரக் கமிட்டிக்குப் போகட்டும். உயில் எழுதுங்கள். வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் நியமனதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்று, காப்பீட்டு எண், இரத்தவகை, அங்கே அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இரண்டு பேரின் எண்கள் அடங்கிய ஒரு கோப்பை ஊரில் நிதானமான ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.